செயின்ட் லாரன்ஸின் சேற்றுப் புழுக்கள்

கடலடிச் சேற்றிலும் மணலிலும் வளை தோண்டி வாழும் புழுக்களில் பெரும்பாலானவை ‘பாலிகீட்’ என்னும் வகையைச் சேர்ந்தவை. மண்புழுவுக்கும் அட்டைக்கும் இவை பங்காளிகள். உடல் வளையம் வளையமாகப் பிரிந்திருக்கும். ஆனால் மண்புழுவைப் போல வழவழப்பாக இராது. ஒவ்வொரு வளையத்தின் இருபுறமும் துடுப்பு போன்ற மடலும் அதில் கொத்தாகச் சுணைமுள்ளும் இருக்கும். கல்லூரியில் விலங்கியல் படித்தவர்கள் பார்மலின் குப்பிக்குள் வெளிறிக் கிடந்த நீரிஸைப் பார்த்திருப்பார்கள். அது இந்த வகைதான். இதுவரை பெயரிடப்பட்ட பாலிகீட் இனங்கள் 10,000-ஐத் தாண்டும். இவற்றோடு ப்ரியாபுலிட், ‘நிலக்கடலைப் புழு’ எனப்படும் சைபன்குலா, ‘கரண்டிப் புழு’ எனப்படும் எக்கியுரா என வேறு சில குலங்களும் சேற்றுக்குள் குடியிருக்கின்றன.

இவற்றைப் பற்றிய பழைய கேள்வி எளியது: எந்தப் புழு எந்தச் சேற்றில் வாழ்கிறது? கடந்த ஐம்பது ஆண்டுகளில் கேள்வி தலைகீழாகிவிட்டது. புழு இல்லாவிட்டால் அந்தச் சேறு என்னவாக இருக்கும் என்பதே இப்போது கேட்கப்படுகிறது. சேற்றின் நிறம், நாற்றம், இறுக்கம், அதற்குள் காற்று புகும் ஆழம், அதிலிருந்து மேல்நீருக்குத் திரும்பும் உரச்சத்து எல்லாமே புழுவின் நடமாட்டத்தைப் பொறுத்தவை என்று தெரிந்துவிட்டது.

இந்தக் கேள்வியில் கனடாவின் மாண்ட்ரியல் நகருக்கு விசித்திரமான பங்கு உண்டு. மாண்ட்ரியலில் கடல் கிடையாது. அது செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் நடுவே கிடக்கும் தீவு. உப்புநீர் ஆற்றுக்குள் ஏறி வருவது கியூபெக் நகரை ஒட்டிய ஓர்லியான் தீவு வரைதான். அங்கிருந்து மாண்ட்ரியலுக்கு 250 கிலோமீட்டருக்கும் மேல். ஆனாலும் நகரைச் சுற்றிய மணற்பாறையில் சுமார் 50 கோடி ஆண்டுப் பழமையான கடல் வளைகள் இருக்கின்றன. நகரின் அடியில் கிடக்கும் களிமண், பனியுகத்தின் இறுதியில் இங்கே பரவியிருந்த கடலின் அடிச்சேறு. நகரின் கழிவுநீர் போய்ச் சேர்வதும் கடலுக்குத்தான். அந்தக் கடலடியைப் பற்றிய ஆய்வில் பெரும்பகுதி மெக்கில், கான்கார்டியா, கியூபெக் ஆகிய பல்கலைக்கழகங்களின் மாண்ட்ரியல் ஆய்வுக்கூடங்களிலும், கழிமுகத்தின் தென்கரையிலுள்ள ரிமூஸ்கி ஊரின் கடலியல் நிறுவனத்திலும் நடந்திருக்கிறது.

சேற்றுக்குள் நுழைவது எப்படி

கால் இல்லை, கை இல்லை, எலும்பும் இல்லை. அப்படியிருந்தும் விரல் பருமனுள்ள ஒரு புழு இறுகிய சேற்றுக்குள் சிரமமில்லாமல் போகிறது. மண்ணை ஒதுக்கித் தள்ளி, அல்லது விழுங்கிக்கொண்டே, வழி செய்கிறது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். ஈரமணலில் அது ஓரளவு உண்மை. சேற்றில் நடப்பது வேறு என்று 2005-இல் கெல்லி டார்கனும் உடன் பணியாற்றிய பீட்டர் ஜுமார்ஸ், ஹாலிஃபாக்ஸ் நகரின் பெர்னார்ட் பூட்ரோ முதலியோரும் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது அலிட்டா வைரன்ஸ் என்னும் பெரிய பாலிகீட். பழைய நூல்களில் இதன் பெயர் நீரிஸ் வைரன்ஸ். சேறு ஒளி ஊடுருவாது; உள்ளே நடப்பதைப் பார்க்க முடியாது. எனவே சேற்றைப் போலவே வளைந்து கொடுக்கும் ஜெலட்டின் பாளத்தில் புழுவை விட்டார்கள். அழுத்தம் விழும் இடம் ஒளியில் பளிச்சென்று தெரியும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள்.

சைனா கிராஸ் இனிப்பில் கரண்டி முனையை வைத்து லேசாக அழுத்தினால் கரண்டி போகும் தூரத்துக்கும் முன்னால் ஒரு பிளவு ஓடும். புழு செய்வதும் அதுவே. வாய்க்குள் சுருட்டி வைத்திருக்கும் தொண்டையை உறைக்குள்ளிருந்து கையை வெளியே புரட்டுவது போல வெளியே தள்ளுகிறது. அது ஆப்பு போலப் பக்கச் சுவர்களை அகட்ட, முனையில் விரிசல் விடுகிறது. தொண்டையை உள்ளிழுத்துக்கொண்டு விரிசலுக்குள் உடம்பை நுழைக்கிறது, மறுபடி ஆப்பு. மண்ணை அகற்றுவதற்கு ஆகும் உழைப்பில் சிறு பகுதியே இதற்குப் போதும். விறகு பிளக்கத் தெரிந்தவர் யாரும் மரத்தைச் சுரண்டிக்கொண்டிருக்க மாட்டார் அல்லவா?

நுழைந்தபின் வளையின் சுவரில் சளி பூசி இறுக்குகிறது. அலிட்டாவின் வளை பல வாய்களும் கிளைகளும் உள்ள சுரங்கம். அதற்குள் புழு உடலை மேலும் கீழுமாக நெளித்துத் தண்ணீரை இறைக்கிறது. மூச்சுக்கு வேண்டிய ஆக்சிஜன் உள்ளே வருகிறது, கழிவு வெளியே போகிறது. கொஞ்ச நேரம் இறைப்பு, கொஞ்ச நேரம் ஓய்வு என்று மாறி மாறி நடக்கும். ஐரோப்பியக் கடற்கரை மணலில் வாழும் அரினிகோலா வேறு வழிக்காரன். ஆங்கில எழுத்து ‘ஜே’ வடிவத்தில் குழி தோண்டித் தலைகீழாக இருந்து, கீழே மணலை விழுங்கி, வாலை மேலே நீட்டி வெளியே தள்ளும். அலை வற்றிய மணலில் இடியாப்பம் பிழிந்து வைத்தது போலக் கிடக்கும் குவியல்கள் அதன் கழிவு. டார்வின் மண்புழுக்களைப் பற்றிய நூலை 1881-இல் வெளியிட்டார். அதற்குப் பத்து ஆண்டுகளுக்குள் சார்லஸ் டேவிசன் இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்து கரையில் அரினிகோலாவின் மணற்குவியல்களை எடைபோட்டுக் கணக்கிட்டு எழுதினார். நிலத்தின் உழவர்களுக்குக் கடலில் ஈடுண்டு என்பதற்கு அது ஒரு தொடக்கக்காலக் கணக்கு.

உழவு என்பது எல்லாப் புழுவுக்கும் ஒரே தொழில் அல்ல. சேற்றை அங்குமிங்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக் கலக்குபவை ஒரு வகை. கிளைச் சுரங்கம் தோண்டி நீர் இறைப்பவை இன்னொரு வகை. ஆழத்துச் சேற்றை மேலே கொண்டுவந்து கொட்டுபவை, மேற்பரப்பு உணவைக் கீழே கொண்டுபோய்ப் புதைப்பவை என்று மேலும் இரண்டு. ரிமூஸ்கியில் காஸ்டன் டெரோசியேவும் பிரான்சின் மார்செய் நகரத்து ஆய்வாளர்களும் இந்தப் பிரிவினையை வளர்த்தெடுத்தார்கள். இனத்தின் பெயரைவிட அது செய்யும் வேலையே முக்கியம் என்பது இதன் சாரம். எம்மா மிஷோ முதலியோர் 2005-இல் வெளியிட்ட சோதனையில், செயின்ட் லாரன்ஸ் கரைச்சேற்றின் மக்கோமா சிப்பியையும் அலிட்டா புழுவையும் தனித்தனித் தொட்டிகளில் விட்டுச் சேறு எவ்வளவு ஆக்சிஜன் உறிஞ்சுகிறது என்று அளந்தார்கள். சுரங்கம் தோண்டி நீர் இறைக்கும் புழு இருந்த சேற்றில் அந்த உறிஞ்சல் கூடுதலாக இருந்தது.

கலக்கலை அளக்கவும் வழிகள் உண்டு. ஒளிரும் சாயம் ஏற்றிய மணலை மேற்பரப்பில் தூவிவிட்டு, சில நாட்களோ வாரங்களோ கழித்துச் சேற்றைக் குழாயில் உருவி எடுத்து, வாழைத்தண்டு நறுக்குவது போல வட்டம் வட்டமாக அறுத்து, எந்த வட்டத்தில் எத்தனை மணி ஒளிர்கிறது என்று எண்ணுவார்கள். நீண்டகாலக் கணக்குக்கு இயற்கையிலேயே படியும் கதிரியக்கப் பொருள்கள் உதவும்: 24 நாளில் பாதியாகும் தோரியம்-234, சுமார் 22 ஆண்டில் பாதியாகும் ஈயம்-210. இப்படி உலகெங்கும் எடுத்த அளவுகளை 1990-களில் தொகுத்த பூட்ரோ, கடலடியில் கலங்கும் படலத்தின் சராசரிக் கனம் சுமார் 10 சென்டிமீட்டர் என்றார். கரையோரமானாலும் ஆழ்கடலானாலும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. கீழே போகப்போக உணவு தீர்ந்துவிடுகிறது. உணவில்லாத இடத்தைப் புழு ஏன் தோண்டப்போகிறது?

கறுப்புச் சேற்றில் பழுப்பு வளையம்

ரிமூஸ்கி கரையில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் ஒரு மண்வெட்டிச் சேற்றைப் புரட்டினால் இதன் வேதியியல் கண்ணுக்கே தெரியும். மேலே மெல்லிய பழுப்பு. அதன் கீழ் சாம்பல், பிறகு கறுப்பு. கறுப்புச் சேற்றிலிருந்து அழுகிய முட்டை வாடை வரும். ஆனால் கறுப்புக்கு நடுவே ஆங்காங்கே துருவின் நிறத்தில் வட்டங்களும் கோடுகளும் தெரியும். ஒவ்வொன்றின் மையத்திலும் ஒரு துளை. அது புழுவின் வளை. சுற்றியுள்ள பழுப்பு உண்மையிலேயே துருதான்: வளைக்குள் வந்த ஆக்சிஜன் சேற்றின் இரும்போடு சேர்ந்து உண்டானது.

செத்த பாசியும் மீன்கழிவும் கடலடியில் விழுந்ததும் நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்னத் தொடங்குகின்றன. கல்யாண வீட்டுப் பந்தி போல இதில் முறை உண்டு. முதல் பந்தி ஆக்சிஜனைக் கொண்டு சிதைக்கும் நுண்ணுயிர்களுக்கு. ஆக்சிஜன் தீர்ந்த இடத்தில் நைட்ரேட்டைப் பயன்படுத்துபவை உட்காரும். அடுத்து மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகளை நம்பியவை. கடைசிப் பந்தி கடல்நீரின் சல்பேட்டில் பிழைப்பவற்றுக்கு. அவை வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அந்த அழுகிய முட்டை வாடை. செயின்ட் லாரன்ஸின் ஆழ்பகுதிச் சேற்றில் ஆக்சிஜன் தானாக ஊறி இறங்கும் ஆழம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. முதல் பந்திக்கு அவ்வளவுதான் இடம்.

புழு வளை தோண்டியதும் இந்த வரிசை குலைகிறது. பத்து இருபது சென்டிமீட்டர் ஆழத்தில், கடைசிப் பந்தி நடக்கும் இடத்தின் நடுவிலேயே, முதல் பந்திக்கு இலை விழுகிறது. அமெரிக்காவின் ராபர்ட் ஆலர் 1980-இல் இதைக் கணக்காக வடித்தார். வளையுள்ள சேற்றை நடுவில் துளையுள்ள உருளைகளின் கட்டாகப் பாவித்தால் எந்தப் பொருள் எவ்வளவு வேகமாக உள்ளே வெளியே போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியும் என்றார். அதுவரை கடலடியைத் தட்டையான தரையாக மட்டுமே எடுத்துக்கொண்டிருந்த கணக்குகள் அதன்பின் மாறின.

பலன்களில் முதன்மையானது நைட்ரஜன். சிதைவில் உண்டாகும் அம்மோனியா வளைச் சுவரின் ஆக்சிஜன் வட்டத்தில் நைட்ரேட் ஆகிறது. அது சில மில்லிமீட்டர் தள்ளி ஆக்சிஜன் இல்லாத சேற்றுக்குள் கசிந்ததும், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை வெறும் நைட்ரஜன் வாயுவாக்கி விடுகின்றன. வயல்களிலிருந்தும் சாக்கடைகளிலிருந்தும் வந்த அதிகப்படி உரம் இப்படித்தான் கடலை விட்டுக் காற்றுக்குப் போகிறது. ஆக்சிஜனுள்ள இடமும் இல்லாத இடமும் அடுத்தடுத்து இருந்தால்தான் இந்த வேலை நடக்கும். அந்த எல்லையைப் பல மடங்கு நீட்டிக் கொடுப்பது வளை. பாஸ்பேட்டும் துருவில் ஒட்டிக்கொண்டு சேற்றிலேயே தங்குகிறது.

மாங்கனீசின் சுழற்சி செயின்ட் லாரன்சிலேயே விரிவாக ஆராயப்பட்டது. பியோர்ன் சுண்ட்பி, நார்மன் சில்வர்பெர்க் ஆகியோர் 1980-களிலிருந்து தொடர்ந்து எழுதிய கட்டுரைகள் இதில் அடிப்படையானவை. மேற்பரப்பில் படிந்த மாங்கனீசு ஆக்சைடைப் புழுக்கள் கீழே கலக்குகின்றன. ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் அது கரைந்து மேலே ஊறி வருகிறது. மேலே ஆக்சிஜனைக் கண்டதும் மறுபடி படிகிறது. ஒரே அணு பலமுறை இப்படி ஏறி இறங்கும்.

கான்கார்டியாவின் ஈவ் ஜெலினா, மெக்கிலின் அல்போன்சோ முச்சி உள்ளிட்ட நால்வர் 2012-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியது இதற்கு இன்னொரு பக்கத்தைச் சேர்த்தது. உலகின் பல பகுதிகளிலிருந்து எடுத்த கடலடிச் சேற்றில் உள்ள கரிமக் கார்பனில் சராசரியாக 21.5 விழுக்காடு இரும்பு ஆக்சைடுகளோடு பிணைந்திருப்பதாக அவர்கள் கண்டார்கள். துருதான் கார்பனுக்குப் பூட்டு. அப்படியானால் துருவை உண்டாக்கும் புழு கார்பனைக் காப்பாற்றுகிறதா, இல்லை ஆக்சிஜனை உள்ளே விட்டு அதை வேகமாக எரித்துவிடுகிறதா? இரண்டுக்கும் சான்று உண்டு. வளையில் நீர் இறைக்கும் புழு சிதைவை விரைவுபடுத்துகிறது. புத்தம்புது உணவைக் கீழே இழுத்துப்போய்ப் புதைக்கும் புழு அதற்கு எதிரான வேலையைச் செய்கிறது. ‘புழு கார்பனைச் சேமிக்கிறது’ என்று ஒரே வரியில் எழுதும் கட்டுரைகளை நம்பாமலிருப்பது நல்லது.

உணவாகவும் புழுவுக்குப் பெரிய இடம் உண்டு. தட்டை மீன்கள், நண்டுகள், கரைப் பறவைகள் எல்லாம் இவற்றைத் தின்கின்றன. வட அமெரிக்கக் கிழக்குக் கரையில் தூண்டில் இரைக்காக அலிட்டாவையும் கிளைசெரா என்னும் செம்புழுவையும் தோண்டி விற்பது ஒரு தொழில். தோண்டுகிறவர்கள் கிளைசெராவைத் தலைப்பக்கம் பிடிக்க மாட்டார்கள். அதன் நான்கு தாடைகளிலும் நஞ்சு உண்டு. தாடை தேயாமலிருக்கச் செம்பு கலந்த கனிமமும் உண்டு. அலிட்டா வகையின் தாடையை இறுக்குவது துத்தநாகம்.

பாறையில் பதிந்தவை

புவியியலாளர்கள் கேம்பிரியன் காலத்தின் தொடக்கத்தை வரையறுப்பது எலும்பைக் கொண்டோ ஓட்டைக் கொண்டோ அல்ல. 1992-இல் உலக அளவில் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடு, நியூஃபவுண்ட்லாந்து தீவின் ஃபார்ச்சூன் ஹெட் பாறையில் ட்ரெப்டிக்னஸ் பெடம் என்னும் வளைத்தடம் தோன்றும் இடத்தில் இருக்கிறது. அதன் வயது சுமார் 53.9 கோடி ஆண்டு. அந்த வளையைத் தோண்டியது ப்ரியாபுலிட் போன்ற ஒரு புழுவாக இருக்கலாம் என்பது பலர் ஏற்கும் கருத்து. அதற்கு முந்தைய கடலடியில் நுண்ணுயிர்ப் படலம் பாய் விரித்தது போல மூடியிருந்தது, அடியில் காற்றில்லை. புழுக்கள் செங்குத்தாகத் தோண்டத் தொடங்கியதும் பாய் கிழிந்து, சேறு இளகி, உள்ளே ஆக்சிஜன் இறங்கியது. ஜெர்மனியின் அடோல்ஃப் சைலாகர் இதற்கு ‘வேளாண் புரட்சி’ என்று பெயர் வைத்தார்.

மாண்ட்ரியலுக்குத் தென்மேற்கே போஆர்னுவா பகுதியில் வெளித்தெரியும் பாட்ஸ்டாம் மணற்பாறை அந்தப் புரட்சிக்குப் பிந்தியது. அதில் ஸ்கோலிதஸ் என்னும் செங்குத்துக் குழல்கள் கோரைக்கட்டை நறுக்கி வைத்தது போல நெருக்கமாக நிற்கும். கனடா புவியியல் துறை மாண்ட்ரியலில் இயங்கிய காலத்தில் அதன் தொல்லுயிரியலாளர் எல்கானா பில்லிங்ஸ் 1862-இல் இவற்றில் ஒரு வகைக்கு ‘கனடென்சிஸ்’ என்று நாட்டின் பெயரையே சூட்டினார். அதே பாறையில் 1847-இல் கிடைத்த கால்தடங்களை லண்டனில் பார்த்த உடற்கூறியலாளர் ரிச்சர்ட் ஓவன் முதலில் ஆமையின் தடம் என்றார். அப்படிச் சொன்ன அடுத்த ஆண்டே அதை மாற்றிக்கொண்டு கணுக்காலியின் தடம் என்றார்.

1855 முதல் 1893 வரை மெக்கிலின் தலைவராக இருந்த வில்லியம் டாசன் இந்தத் தடங்களை விடாமல் துரத்தியவர். பாறையில் கிளைவிட்டுப் பதிந்திருந்தவற்றைக் கடற்பாசி என்று பலர் பெயரிட்டுக்கொண்டிருந்த காலத்தில், அவற்றில் பல பாசியல்ல, விலங்குகளின் வளையும் தடமும்தான் என்று வாதிட்டார். வெறும் கனிமப் படலத்தை உலகின் முதல் விலங்கு என்று நம்பி ‘ஈயோசூன் கனடென்ஸ்’ என்று பெயரிட்டு வாழ்நாள் முழுக்க அதற்காகச் சண்டை போட்டவரும் இவரே. விலங்கில் ஏமாந்தவர் வளையில் ஏமாறவில்லை.

பனிப்பாளம் பின்வாங்கியதும் சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் அட்லாண்டிக் நீர் உள்ளே புகுந்து மாண்ட்ரியல் சமவெளியை மூடியது. சாம்ப்ளெயின் கடல் எனப்படும் அது ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டுகள் நின்றது. நகரின் ராயல் மலை அப்போது ஒரு சிறு தீவு. அதன் சரிவுகளில் கடற்சிப்பிகள் கிடைத்திருக்கின்றன. நகரில் அடித்தளம் தோண்டும்போது வரும் நீலச்சாம்பல் களிமண் அந்தக் கடலின் சேறு.

சாகெனே: சேறு புதைந்தபின்

புழு தோண்டும் ஆழம் ஒரு நடைமுறைப் பிரச்சினையாக மாறிய இடம் செயின்ட் லாரன்ஸில் வந்து சேரும் சாகெனே நுழைகுடா. அர்விடா என்னும் ஊரில் இருந்த ரசாயன ஆலையால் அதன் அடிச்சேற்றில் பல ஆண்டுகளாகப் பாதரசம் சேர்ந்திருந்தது. 1996 ஜூலையில் பெய்த பெருமழையில் ஆறுகள் உடைத்துக்கொண்டு வந்து, நுழைகுடாவின் மேல்பகுதியில் பல பத்து சென்டிமீட்டர் கனத்துக்குப் புதுமண்ணைக் கொட்டின. பத்துப் பேரைப் பலிகொண்ட வெள்ளம், நச்சுச் சேற்றுக்கு மூடியும் போட்டுவிட்டுப் போனது.

மூடி நிலைக்குமா என்பது புழுவின் கையில் இருந்தது. புதுப்படலத்தைத் துளைத்துப் பழைய சேற்றை மேலே கொண்டுவந்தால் மூடி வீண். மெக்கில், ரிமூஸ்கி, கியூபெக் நகர ஆய்வாளர்கள் அடுத்த சில ஆண்டுகள் அங்கே சேற்றுக் குழாய்களை உருவி, மருத்துவமனைகளில் மனிதரைப் படமெடுக்கும் சிடி ஸ்கேன் வகைக் கருவியில் வைத்துப் பார்த்தார்கள். சேற்றை அறுக்காமலே உள்ளிருக்கும் வளைகள் முப்பரிமாணத்தில் தெரிந்தன. புதுமண்ணில் முதலில் குடியேறியவை சிறிய, வேகமாகப் பெருகும், மேலாகவே மேயும் புழுக்கள். ஆழத் தோண்டும் பெரியவை மெல்லவே வந்தன. இந்த வரிசை எதிர்பார்த்ததுதான். குலைந்த அல்லது மாசுபட்ட கடலடியில் முதலில் கேபிடெல்லா போன்ற சிறுபுழுக்கள் மொய்க்கும், நிலைமை சீரானபின் ஆழ் வளைக்காரர்கள் வருவார்கள் என்பதை பியர்சன், ரோசன்பெர்க் இருவரும் 1978-இலேயே தொகுத்துக் காட்டியிருந்தார்கள். பத்து சென்டிமீட்டர் என்னும் சராசரிக்கு முன் பல பத்து சென்டிமீட்டர் மூடி போதுமான காப்பு. படலம் மெல்லிய இடங்களில் அப்படிச் சொல்ல முடியாது.

மூச்சு முட்டும் ஆழம்

டடூசாக் ஊரருகே தொடங்கி அட்லாண்டிக் கண்டத்திட்டின் விளிம்பு வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கடலடிப் பள்ளத்தாக்குக்கு லாரன்ஷியன் கால்வாய் என்று பெயர். ஆழம் 300 மீட்டரைத் தாண்டும். கடலிலிருந்து உள்ளே நுழையும் அடிநீர் பல ஆண்டுகள் மெல்ல ஊர்ந்து டடூசாக் வந்து சேர்கிறது. வழியெல்லாம் அடிச்சேறு அதன் ஆக்சிஜனைக் குடித்துக்கொண்டே இருக்கும். மேல்நீரோடு கலப்பில்லாததால் இழந்ததை ஈடுசெய்ய வழியில்லை. எனவே கால்வாயின் தலைப்பகுதிக்கு வந்து சேர்வது மூச்சு இழந்த நீர்.

1930-களில் அந்த அடிநீரில் லிட்டருக்கு 125 மைக்ரோமோல் ஆக்சிஜன் இருந்தது. 1984-2003 காலத்தின் சராசரி 65 என்று டெனி ஜில்பேர் முதலியோர் 2005-இல் கணக்கிட்டார்கள். 62.5-க்குக் கீழே போனால் ஆக்சிஜன் பற்றாக்குறை என்பது பொதுவான வரையறை. 2003-இல் சுமார் 1,300 சதுர கிலோமீட்டர் கடலடி அந்த வரம்புக்குக் கீழே கிடந்தது. 2020-ஐ ஒட்டிய அளவீடுகளில் ஆக்சிஜன் 35-ஐச் சுற்றி இறங்கிவிட்டது. பற்றாக்குறைப் பரப்பு 9,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது.

காரணம் ஒன்றல்ல. வீழ்ச்சியில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை அட்லாண்டிக்கில் நடந்த மாற்றத்தால் வந்தது: ஆக்சிஜன் நிறைந்த குளிர்ந்த லாப்ரடோர் நீர் குறைந்து, வெப்பமான தென்பகுதி நீர் அதிகம் நுழைகிறது. மிச்சத்துக்கு நிலத்திலிருந்து வரும் உரச்சத்துக்கும் பொறுப்புண்டு. மாண்ட்ரியலில் பெனுவா திபோடோ, ஆன் டெ வெர்னால், முச்சி மூவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, சேற்றில் புதைந்த நுண்ணோடுகளை வைத்து, 1960-களிலிருந்து மேல்நீரில் பாசி பெருகியதையும் கீழே ஆக்சிஜன் குறைவைத் தாங்கும் உயிர்கள் கூடியதையும் காட்டியது. இங்கே புழு ஆய்வாளருக்குத் தொல்லையும் கொடுக்கிறது. ஒவ்வோர் ஆண்டின் படிவையும் அடுத்த ஆண்டுகளின் படிவோடு கலக்கிவிடுவதால், வரலாற்றேட்டின் பக்கங்களை ஒட்டவைத்தது போல ஆகிவிடுகிறது.

மாண்ட்ரியலின் பங்கு என்றதும் 2015 நவம்பர் நினைவுக்கு வரும். குழாய்ப் பணிக்காக நான்கு நாட்கள் சுமார் 490 கோடி லிட்டர் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமலே ஆற்றில் விடப்பட்டது. நாடே கூச்சல் போட்டது. கழிமுக அடிநீரின் கணக்கில் அந்த நான்கு நாள் பெரிதல்ல. தீவின் கிழக்கு முனையில் 1984 முதல் இயங்கும் சுத்திகரிப்பு நிலையம் திடக்கழிவையும் பாஸ்பரசையும் எடுப்பதற்காகக் கட்டப்பட்டது, நைட்ரஜனுக்காக அல்ல. சத்தமில்லாமல் தினமும் போகும் நைட்ரஜனும், கனடா, அமெரிக்கா ஆகிய இரு நாடுகளின் வயல்களிலிருந்து வடியும் உரமும்தான் கவலைக்குரியவை. அவற்றைப் பற்றி எந்தக் கூச்சலும் எழவில்லை.

ஆக்சிஜன் குறைந்தால் மீன் ஓடிவிடும். வளைக்குள் இருக்கும் புழுவால் முடியாது. முதலில் இறைப்பைக் கூட்டும். பிறகு வளையின் மேல்பகுதிக்கு ஏறி வரும். மேலும் குறைந்தால் உடலை வெளியே நீட்டிக் கிடக்கும். மீனுக்கு எளிதில் இரையாகும். ஆழத் தோண்டுபவை குறைந்து, மேலாக மேய்பவை பெருகும். செயின்ட் லாரன்ஸ் கழிமுகத்தின் கடலடியைப் படமெடுத்து ஆராய்ந்த ரெனால்ட் பெலே முதலியோரின் 2010-ஆம் ஆண்டுக் கட்டுரையும் இந்தத் திசையில்தான் பேசுகிறது: பற்றாக்குறைப் பகுதியில் உயிர்கள் இல்லாமல் போகவில்லை, மேற்பரப்பில் மேய்பவையே மிகுதி. ஆள் இருக்கிறது, உழவு மட்டும் ஆழமில்லை. உழவு மேலோடு நின்றால் நைட்ரஜனை வெளியேற்றும் எல்லை சுருங்கும், சல்பைடு மேலே ஏறும், உரச்சத்து மேல்நீருக்குத் திரும்பிப் பாசியை வளர்க்கும்.

எதிர்த்திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. வட அமெரிக்கக் கிழக்குக் கரையைச் சேர்ந்த மாரன்செல்லேரியா என்னும் பாலிகீட் 1980-களில் பால்டிக் கடலில் தென்பட்டது. அன்னிய இனம் என்று முதலில் பயந்தார்கள். ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அது ஆழத் தோண்டியதால், ஸ்டாக்ஹோம் தீவுக்கூட்டத்தின் அடிநீர் தேறியதில் அதற்கும் பங்கு இருக்கலாம் என்று 2012-இல் வெளிவந்த ஒரு மாதிரிக் கணக்கு காட்டியது. அதே புழு பழைய நச்சுகளையும் தோண்டி மேலே கொண்டுவருகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உழவே நின்றுபோன கடலடி எப்படி இருக்கும் என்பதை அரபிக்கடல் காட்டுகிறது. பாகிஸ்தான் கரைக்கு அப்பால், சில நூறு மீட்டர் ஆழத்தில், ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாத நீர் சரிவைத் தொட்டு நிற்கும் இடத்தில் சேறு ஏடு ஏடாகக் கிடக்கிறது: ஆண்டுக்கு ஒரு வெளிர்க்கோடு, ஒரு கருங்கோடு. கலக்குவதற்குப் புழு இல்லை என்பதற்கு அந்தக் கோடுகளே சாட்சி. இப்படிப்பட்ட அடுக்குகள் உருவாவது பொதுவாக ஆக்சிஜன் லிட்டருக்குச் சுமார் 5 மைக்ரோமோலுக்கும் கீழே இறங்கிய இடங்களில். செயின்ட் லாரன்ஸ் கழிமுகத்தின் அடிநீர் ஒரு நூற்றாண்டுக்குள் 125-இலிருந்து 35-க்கு வந்திருக்கிறது.